ரசீது இல்லாத ஜூன்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோர்களுக்கு,



இந்த மடலை முதலமைச்சருக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சேர்க்கையின்போது பணம் வாங்கக் கூடாது என்று மேலிடம் சொல்லாமல் இல்லை. சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கத்தான் ஊரில் ஆள் இல்லை. சுற்றறிக்கையைப் படிப்பவர் தலைமை ஆசிரியர்; பணத்தை எண்ணிக் கொடுப்பவர் பெற்றோர். இருவரும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்த இடம் மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். அதே 21ஆம் பிரிவு குழுவின் வேலைகளில் ஒன்றாக, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எந்த வழியிலோ பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதைச் சொல்கிறது. 'வேறு எந்த வழியிலோ' என்பதை நன்றாகக் கவனியுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் வாங்கும் பணமும் நன்கொடை என்ற பெயரில் வாங்கும் பணமும் அதற்குள் அடங்கும். ஆகவே இது உங்கள் கணக்கு. நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காசு வாங்காமல் நடக்கும் பள்ளிகள் காவிரி டெல்டாவில் நிறைய இருக்கின்றன. வினாத்தாள் நகல் எடுக்கவும் இணையக் கட்டணம் கட்டவும் சொந்தப் பையிலிருந்து செலவழிக்கும் தலைமை ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது சந்தேகம் விழும்படி எதுவும் எழுத எனக்கு விருப்பமில்லை. நான் பேசுவது இன்னொரு வழக்கத்தைப் பற்றி. ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாள்களில் மேசைக்கு முன்னால் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள். கையில் மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், இரண்டு புகைப்படம். மேசையில் சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. விண்ணப்பத்தைச் சரிபார்த்து முடித்ததும் அந்த நோட்டு திறக்கிறது. பெயர், வகுப்பு, தொகை எழுதப்படுகிறது. தொகை பள்ளிக்குப் பள்ளி வேறு. சில இடங்களில் ரசீது கிடைக்கும். அதில் எழுதிய தொகையும் கொடுத்த தொகையும் ஒன்றாக இல்லாமலும் போகும். பல இடங்களில் அடிக்கட்டையோடு கூடிய ரசீது புத்தகமே மேசைக்கு வராது. ஆண்டு இறுதியில் தணிக்கைக்குப் போகும் ரொக்கப் பதிவேட்டில் இந்த நாற்பது பக்க நோட்டு இடம்பெறாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பமில்லை. தமிழ்நாட்டில் பள்ளி இறுதி வகுப்பு வரை கல்விக் கட்டணம் 1960களிலேயே நீங்கிவிட்டது. அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்த சிறப்புக் கட்டணமும் பின்னாளில் ரத்தானது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தையும் தன் தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்கும் முடிப்பதற்கும் தடையாகக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் ஏற்க வேண்டியதில்லை என்கிறது. அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறதே, அரசு உதவி பெறும் பள்ளிக்கு அது முழுதாகப் பொருந்தாதே என்று வாதிடுவோருக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண முறைப்படுத்தல் சட்டம் தனியார் பள்ளிகளுக்கு மட்டுமானது என்றே நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்த அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு அபராதமும் உண்டு. யாரையும் சிறைக்கு அனுப்பும் ஆசையில் இதைச் சொல்லவில்லை. நாம் 'ஊர் வழக்கம்' என்று விட்டுவைத்திருப்பதைச் சட்டமன்றம் எவ்வளவு கடுமையாகப் பார்த்திருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

இங்கேதான் வழக்கமான பதில் வரும். 'இருநூறு, முந்நூறு ரூபாய் யாருடைய படிப்பைத் தடுத்துவிடும்? செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ண முடிகிறதல்லவா?' நியாயமாகத் தோன்றும் கேள்விதான். தொகை சிறியதா பெரியதா என்பதை யார் பையை வைத்து அளப்பது, எந்த மாதத்தை வைத்து அளப்பது என்று திருப்பிக் கேட்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். தடையாகக்கூடிய கட்டணம் என்று சட்டம் சொல்லும்போது, சராசரிக் குடும்பத்தின் சராசரி மாதத்தை அது குறிக்க முடியாது. மிக ஏழைக் குடும்பத்தின் மிக வறண்ட மாதத்தில் தடையானால் அது தடைதான். டெல்டாவில் அந்த மாதம் எது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது ஜூன். சம்பா அறுத்து நெல் விற்ற காசு தையிலும் மாசியிலும் கைக்கு வந்து, வட்டிக்கும் கல்யாணத்துக்கும் போய்ச் சித்திரையில் கரைந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும். உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் நகை அடகுக் கடைக்குப் போகும் நேரம் அது. நிலம் உள்ளவர்கள் கதை இது. நிலமில்லாக் குடும்பங்களுக்கு நடவு தொடங்கினால்தான் கூலி. அணை திறக்காவிட்டால் அதுவும் இல்லை. 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பள்ளிகள் ஜூன் 10ஆம் தேதி திறந்தன. மேட்டூர் அணையில் நீர் இருப்பு போதாமல் டெல்டா பாசனத்துக்கு ஜூலை 28ஆம் தேதிதான் தண்ணீர் விட்டார்கள். நடுவில் ஏழு வாரம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நாற்று இல்லை, நடவு இல்லை. நூறு நாள் வேலைக்கு அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியும் பின்னர் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. ஒரு பள்ளி சேர்க்கைக்கு 500 ரூபாய் கேட்கிறது, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைத்தால்கூட அது மூன்று நாள் கூலிக்கு மேல். வேலையே இல்லாத ஏழு வாரத்தில் அது கடன். அந்தக் கடனுக்குப் பயந்து 'அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் வீட்டில்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய பெண் பிள்ளை வீட்டு வேலைக்குப் பழகிவிடுகிறாள். இதைத் தடை என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

நன்கொடை என்ற பெயர் இந்த வசூலுக்குப் பொருந்தவே பொருந்தாது. தர முடியாது என்று சொல்லிவிட்டு அதே முகத்தோடு எழுந்துபோக முடிந்தால்தான் கொடுப்பது நன்கொடை. பிள்ளையின் சேர்க்கைப் படிவம் கையெழுத்தாகாமல் மேசையில் கிடக்கும்போது எந்தத் தாயாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. டெல்டா விவசாயிக்கு இது புதிதல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ரசீதில்லாமல் பணம் பிடிக்கிறார்கள் என்ற புகாரை விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாக எழுப்பி வருகின்றன. அங்கேயும் தொகை சிறியதுதான். களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, வானம் இருட்டுகிறது, எடை போடாவிட்டால் முளைத்துவிடும். அந்த நேரத்தில் கேட்பதால்தான் யாரும் மறுப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் அதை அநியாயம் என்று சாலை மறியல் செய்யும் நாம், அதே பாணியில் பள்ளி மேசையில் நடப்பதை மட்டும் பள்ளி வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்வது எப்படிச் சரியாகும்?

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 'அரசு தருவது போதவில்லை. கழிவறை கழுவ ஆள் வேண்டும், இரவுக் காவல் வேண்டும், கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இல்லை. பணம் வாங்காமல் பள்ளியை எப்படி நடத்துவது?' இதில் உண்மை இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணாம்பு அடிப்பது, குழாய் பழுது, எழுதுபொருள், தூய்மை எல்லாம் இதற்குள். அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் எந்த மூலைக்கு? அதுவும் 2024-25இல் ஒன்றிய அரசு, தன் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேரவில்லை என்ற காரணத்தைக் காட்டித் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவிலான சண்டையின் விலையை ஒரத்தநாட்டிலும் திருத்துறைப்பூண்டியிலும் இருக்கும் பள்ளிகள் கொடுத்தன.

ஆனால் இந்த உண்மையிலிருந்து பெற்றோரிடம் வாங்கலாம் என்ற முடிவு எழவில்லை. கணக்கைப் பாருங்கள். அதே அறுநூறு பேரிடம் தலைக்கு 300 வாங்கினால் 1,80,000 ரூபாய். அரசு தரும் ஆண்டு மானியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மானியத்துக்குப் பதிவேடு உண்டு, தணிக்கை உண்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் உண்டு. அதைவிடப் பெரிய தொகைக்கு நாற்பது பக்க நோட்டு. நேர்மையான தலைமை ஆசிரியர் அதை முழுவதும் பள்ளிக்கே செலவழித்தாலும், நாளை யாராவது கை நீட்டிக் குற்றம் சாட்டினால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாள் இருக்காது. எழுதாத வசூல் அவருக்கும் பாதுகாப்பில்லை. இதைவிட முக்கியமான இன்னொரு தீங்கும் உண்டு. காலிப் பணியிடத்துக்குப் பெற்றோர் காசில் தற்காலிக ஆசிரியரை வைத்துச் சமாளிக்கும்போது, அந்தக் காலியிடம் அரசின் கண்ணிலிருந்து மறைகிறது. பாடம் நடக்கிறது, புகார் இல்லை, அவசரம் இல்லை. மாறாக, காலியிடத்தைக் காலியிடம் என்று உரக்கச் சொன்னபோது நடந்ததையும் பார்த்தோம். 2022இல் மாநிலம் முழுவதும் 13,331 இடங்களுக்கு மேலாண்மைக் குழுக்கள் வழியாகவே தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று சம்பளத்தை அரசே தந்தது. அந்தச் சம்பளம் குறைவு என்றும், நியமனத்தைத் தகுதித் தேர்வு எழுதிக் காத்திருப்போருக்கே தந்திருக்க வேண்டும் என்றும் எழுந்த விமர்சனங்களை நான் மறுக்கவில்லை. பெற்றோர் மடியில் கை வைக்காமலும் வழி உண்டு என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான்.

ஊர் கொடுக்காது என்பதும் பொய். கல்விச் சீர் விழாக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோவதைப் போலத் தாம்பாளத்தில் பழம், தேங்காய் வைத்து, மேளதாளத்தோடு ஊரே பள்ளிக்கு நடந்துபோகிறது. பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடிநீர்க் கருவி, சில ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி வரை வரிசையாக வருகின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புகிறார்கள். தனியாகப் பெரிய தொகை தர முடியாதவர் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறார். யார் எதைத் தந்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். தராதவரை யாரும் தேடுவதில்லை. கை கொஞ்சம் தாராளமாக இருக்கும் நேரம் பார்த்து, முடிந்தவர் முடிந்ததைத் தருவது இது. அரசே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் குறிப்பிட்ட பள்ளிக்குக் குறிப்பிட்ட தேவைக்கு நேரடியாகத் தரலாம், கணக்கு இருக்கும். ஆக, ஊரின் கொடைக்கு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. சேர்க்கை மேசைதான் தவறான வாசல்.

'முடியாதவர்களிடம் நாங்கள் வாங்குவதில்லை, சொன்னால் விட்டுவிடுகிறோம்' என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். இதே சமாதானத்தை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பள்ளி நிர்வாகம் நீதிமன்றத்தில் சொன்னது. அங்கே 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு வந்தபின் பள்ளிகளின் வருமானம் குறைந்தது. நாடகம், இசை, விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் மாணவருக்கு 25 டாலர் கட்டணம் விதித்தார்கள். ஏழைகளுக்கு விலக்கும் வைத்திருந்தார்கள். ஹார்ட்செல் எதிர் கானெல் என்ற அந்த வழக்கில் 1984இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தைச் செல்லாது என்றது. பள்ளி இலவசம் என்று அரசமைப்பு சொன்னால் அது நிர்வாகத்தின் கஜானாவைப் பொறுத்தோ குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்தோ மாறாது என்பது தீர்ப்பின் சாரம். விலக்கு இருக்கிறது என்பதும் குறையை நிவர்த்தி செய்யாது என்றார்கள். நம் ஊரில் இதன் பொருள் இன்னும் கூர்மையானது. விலக்குக் கேட்க வேண்டுமானால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காதுபட 'என்னிடம் இல்லை' என்று ஒரு தாய் சொல்ல வேண்டும். யார் யார் அப்படிச் சொல்ல நேரும் என்பதைத் தெருவை வைத்தே இங்கே சொல்லிவிடலாம். சாதியும் நிலமும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் இந்த மண்ணில், பிள்ளை முதல் நாள் வகுப்புக்குள் நுழையும்போதே 'கட்டாதவர்' பட்டியலில் அதன் பெயரை எழுதுவது சிறிய காரியமல்ல.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று சொல்பவர்களுக்கு டெல்டாவின் வரலாறே பதில். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை அமைத்தபோது, வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு மாணவர்களுக்கு உணவும் தங்குமிடமும் படிப்பும் அங்கே இலவசமாகவே கிடைத்தன. செலவுக்கு ஆதாரம் சத்திரத்துக்கு எழுதிவைத்த நிலங்களின் வருமானம். அதாவது இந்த மண்ணின் நெல். 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் தஞ்சைச் சத்திரங்களின் அறப்பணிகளை அவர் பெருமையோடு விவரித்தார். அன்று அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாகப் படித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பொதுப் பள்ளி வந்தது. அந்தப் பொதுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கிய விழா நடந்ததும் டெல்டாவில்தான், திருக்குவளையில். பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துப் பயணம், காலைச் சோறு, மதியச் சோறு என்று இவ்வளவையும் விலையின்றித் தந்துவிட்டு வாசலில் முந்நூறு ரூபாய் கேட்டால்தான் பெற்றோருக்குப் பொறுப்பு வரும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

தண்டத் தொகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்க்கை வசூலைவிட இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. தாமதமாக வந்தால் ஐந்து ரூபாய், விடுப்புக் கடிதம் இல்லாவிட்டால் பத்து, அடையாள அட்டை தொலைந்தால் ஐம்பது, தலைமுடி சரியில்லை என்றால் இன்னொன்று. வகுப்புத் தலைவனே வசூலிக்கிறான். கணக்குக் கரும்பலகை ஓரத்தில் எழுதி அழிக்கப்படுகிறது. ஒழுங்கைக் காக்க வேறு வழி என்ன என்று ஆசிரியர்கள் கேட்பது புரிகிறது. பிரம்பைக் கீழே வைக்கச் சொன்ன பிறகு கையில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். ஆனால் யார் தவறுக்கு யார் கட்டுகிறார் என்று பாருங்கள். நடவு நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா வயலுக்குப் போய்விட்டால், தம்பியைக் கிளப்பி, சாப்பிடவைத்து, அவன் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அக்கா முதல் மணிக்குத் தாமதமாகத்தான் வருவாள். அவளுக்குத் தண்டம் என்றால், வீட்டில் பொறுப்பாக நடந்ததற்குத் தண்டம். கட்டக் காசில்லாத பிள்ளை மறுநாள் வகுப்புக்கே வராது. தாமதத்தைக் குறைக்கப் போட்ட விதி வருகையைக் குறைத்துவிடும். 'கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் சொல்வது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்யும் மன உளைச்சலாகவே ஆகும் என்பது என் கருத்து. தாமதமாக வரும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது ஆசிரியருக்குக் கூடுதல் வேலை. அந்த வேலையை உங்கள் குழுவிலிருக்கும் தெருக்காரப் பெற்றோர் ஒருவர் ஏற்றுக்கொள்ள முடியும்.

வெளியேறும் வாசலிலும் இதே கதைதான். ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்த பிள்ளை பாபநாசத்துக்கோ மன்னார்குடிக்கோ ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். 'பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்' என்று சொல்லும் இடங்கள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்க வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும், தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கை என்கிறது. சான்றிதழ் வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்றும், பாக்கி பற்றிய குறிப்பை அதில் எழுதக் கூடாது என்றும் சொன்னது. அது தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில் வந்தது. கட்டணம் வாங்க உரிமையுள்ள பள்ளிக்கே அந்த உரிமை இல்லையென்றால், கட்டணமே இல்லாத பள்ளிக்கு எப்படி இருக்கும்?

உங்களில் பலருக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். கேள்வி கேட்டால் பிள்ளையைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்ற பயம். குழுத் தலைவராகக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுக் கூலி வேலைக்கு ஓடும் தாய்மார்கள் நிறைய என்பதும் தெரியும். அதனால்தான் தனியாகக் கேட்காதீர்கள் என்கிறேன். குழுவாகத் தீர்மானம் போடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியது பள்ளியின் முடிவு. அதில் தனி ஒருவரின் பெயர் இல்லை. சேர்க்கை நாளிலும், மதிப்பெண் பட்டியல், தேர்வு நுழைவுச் சீட்டு, மாற்றுச் சான்றிதழ் தரும் நாள்களிலும் பள்ளி வளாகத்தில் எந்தப் பெயரிலும் எவரிடமும் ரொக்கம் வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குச் சந்தா தர விரும்புபவர் தரட்டும். சேர்க்கை முடிந்து பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த பிறகு, வங்கிக் கணக்கில், ரசீதோடு தரட்டும். பள்ளிக்கு என்ன தேவை, எவ்வளவு ஆகும், மானியம் எவ்வளவு வந்தது, எவ்வளவு குறைகிறது என்று தலைமை ஆசிரியரோடு சேர்ந்து ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். குறைவதை முதலில் அரசிடம் எழுத்தில் கேளுங்கள். ஊரிடம் கேட்பதானால் அறுவடை முடிந்து, தைக்கும் பங்குனிக்கும் இடையில் கேளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் உங்கள் குழுவுக்கு ஆலோசனை அதிகாரம் மட்டுமே என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இருக்கட்டும். ஆலோசனையாகவே எழுதுங்கள், எழுதியதை வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ ஒரு படி அனுப்புங்கள். ஆங்கில வழிக்குத் தனியாகப் பணம் வாங்கும் பள்ளியானால், எந்த ஆணையின்படி எவ்வளவு என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல தலைமை ஆசிரியர்கள் இதற்கு எதிராக நிற்கமாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். வசூல் அவர்களுக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது. 'குழு தீர்மானம் போட்டுவிட்டது, வாங்க முடியாது' என்று அவர்கள் மேலே சொல்வதற்கு ஒரு தாள் கிடைத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் பள்ளியின் பற்றாக்குறையை அரசிடம் தைரியமாகப் பேசலாம்.

மே 1ஆம் தேதி உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். சேர்க்கைக்கு அப்போது ஒரு மாதம் இருக்கும். அந்தச் சபையில் உங்கள் பள்ளியின் கடந்த ஆண்டு வரவு செலவையும், இந்த ஜூனில் யாரும் பணம் கொண்டுவர வேண்டியதில்லை என்ற தீர்மானத்தையும் குழுத் தலைவர் எழுந்து நின்று படிக்கட்டும். படித்ததைச் சபையின் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எந்த மேசையிலாவது அந்த நோட்டு திறந்தால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் கேட்ட தொகையையும் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள்.